திப்புவுக்குப் பின் – 14: தீபாவளி நாளில் ஒரு பிறந்தநாள்

இதுவரை: 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் கோட்டை வாசலில் போரிட்டு மாண்டார். அவருடைய பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கிருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். திப்புவின் வாள்களும் மரப்புலியும் லண்டனில் வெற்றிச் சின்னங்களாயின. கன்னட நாட்டுப்புறத்திலோ லாவணிப் பாடகர்கள் அவரை வீரனாகப் பாடிவந்தார்கள். பகவான் கித்வானி 1976இல் எழுதிய ஆங்கில நாவல், 1990இல் தூர்தர்ஷன் தொடராக வீடுதோறும் நுழைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம்.

அதுவரை திப்பு பாடப்புத்தகத்திலும் பாட்டிலும் திரையிலும் இருந்தார். ஓர் அரசாங்கம் அவருக்கென்று நாள் குறித்து விழா எடுத்ததில்லை.

2015இல் கர்நாடக அரசு அதைச் செய்தது.

விதான சௌதா, நவம்பர் 10

அன்று செவ்வாய்க்கிழமை. பெங்களூரு விதான சௌதாவின் விருந்து மண்டபத்தில் முதல்வர் சித்தராமையா தலைமையில் 'திப்பு ஜயந்தி' நடந்தது. மாவட்டத் தலைநகரங்கள் தோறும் அரசு விழாவாகவே நடத்த உத்தரவாகியிருந்தது. எதிர்க்கட்சியான பாரதிய ஜனதா புறக்கணித்தது.

அரசின் வாதம் எளிமையானது. ஆங்கிலேயரை எதிர்த்துக் களத்தில் உயிர்விட்ட மன்னர்; இந்த மண்ணில் பிறந்தவர்; அவரைக் கொண்டாடுவதில் என்ன தவறு? இந்திய அரசியல் சாசனத்தின் கையெழுத்து மூலப்படியிலேயே ஜான்சி ராணி லட்சுமிபாயோடு திப்புவின் சித்திரமும் இடம்பெற்றிருக்கிறதே!

வாதம் வலுவானதுதான். ஆனால் நாள் குறித்தவர்கள் நாட்காட்டியில் ஒன்றைப் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 10 நரக சதுர்த்தசி. தமிழ்நாட்டில் நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தீபாவளி கொண்டாடிய அதே நாள். திப்புவின் பிறந்தநாள் என்று வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பதோ 1750 நவம்பர் 20. அப்படியிருக்க ஏன் இந்த நாள் என்ற கேள்வி விழாவுக்கு முன்பே எழுந்துவிட்டது.

கர்நாடகத்தில் ஒரு சிறு சமூகத்துக்கு அந்தத் திதி துக்க நாள். அந்தத் துக்கத்துக்குக் காரணமாக அவர்கள் சொல்லும் பெயரும் திப்புதான். அவர்களிடம் பிறகு வருவோம். அதற்குமுன் விருந்து மண்டபத்தில் எழுந்த ஒரு பேச்சைக் கேட்டாக வேண்டும்.

ஒரு விமான நிலையத்தின் பெயர்

மேடையில் கிரீஷ் கர்னாட் இருந்தார். ஞானபீட விருது பெற்ற நாடகாசிரியர். இந்திய விடுதலையின் பொன்விழாவையொட்டி பிபிசி வானொலிக்காகத் 'திப்புவின் கனவுகள்' நாடகத்தை எழுதியவர்.

திப்பு முஸ்லிமாக இல்லாமல் இந்துவாகப் பிறந்திருந்தால், மராட்டியத்தில் சிவாஜிக்கு உள்ள இடம் கர்நாடகத்தில் அவருக்குக் கிடைத்திருக்கும் என்றார் கர்னாட். பெங்களூரு விமான நிலையத்துக்கு திப்புவின் பெயரை வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிதான் திப்பு பிறந்த ஊர். ஊர்க்கணக்கில் பார்த்தால் பேச்சில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த நிலையத்துக்கு 2013 டிசம்பரிலேயே கெம்பேகௌடரின் பெயர் சூட்டியாகிவிட்டது. 1537இல் மண்கோட்டை எழுப்பி, பேட்டைகள் வகுத்து, பெங்களூரு நகரத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். கர்நாடகத்தின் பெரும் உழவர் சமூகமான ஒக்கலிகர்களுக்குத் தம் குலப் பெருமையின் உருவமே அவர்தான்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்தும் கிளம்பியது. மறுநாளே கர்னாட் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் இரண்டு பெயர்கள் தராசின் இரு தட்டுகளில் வைக்கப்பட்டுவிட்டன. அதுவரை திப்பு விவகாரம் ஒரு பக்கம், கெம்பேகௌடர் பெருமை இன்னொரு பக்கம் என்று தனித்தனியே இருந்தது. இனி ஒருவரை உயர்த்துவது மற்றவரைத் தாழ்த்துவதாகப் பார்க்கப்படும் நிலை வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 11 அன்று, அதே விமான நிலைய வளாகத்தில் 108 அடி உயரக் கெம்பேகௌடர் சிலையைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார்.

பெங்களூருவில் இவ்வளவும் சொல்லில் முடிந்தது. குடகில் அப்படி முடியவில்லை.

அதே நாள், மடிகேரி

நவம்பர் 10 காலை. குடகின் தலைநகரான மடிகேரியில் ஜயந்தி விழாவுக்கு வந்தவர்களும் அதை எதிர்த்து வந்தவர்களும் தெருவில் நேருக்கு நேர் நின்றார்கள். கல்வீச்சு தொடங்கியது. காவல்துறை தடியடி நடத்தியது.

அந்தக் கலவரத்தில் விசுவ ஹிந்து பரிஷத்தின் உள்ளூர்த் தலைவர் ஒருவர் உயிரிழந்தார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் அடுத்த சில நாட்களில் இறந்தார். இறந்து 216 ஆண்டுகள் ஆன ஒரு மன்னனின் பிறந்தநாளில் இரண்டு வீடுகளில் ஒப்பாரி எழுந்தது.

குடகுக்கு ஏன் இத்தனை கோபம்?

மலைக்காட்டின் கணக்கு

குடகு அடங்காத மலைநாடு. திப்புவின் தந்தை ஹைதர் அலி காலத்திலிருந்தே மைசூரின் ஆட்சியை அது ஏற்கவில்லை. படை வந்தால் காட்டுக்குள் மறைவார்கள். படை திரும்பினால் கிளர்ந்தெழுவார்கள். 1785இல் திப்பு நேரில் படையோடு வந்தார். மலைநாட்டு மக்களான கொடவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிச்சென்றார்கள். பலர் மதம் மாற்றப்பட்டார்கள். மடிகேரிக்கு ஜாபராபாத் என்று பெயர் சூட்டப்பட்டது.

சிறைப்பட்டவர் எத்தனை பேர் என்பதில்தான் சண்டை. திப்பு கர்நூல் நவாபுக்கு எழுதிய கடிதம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கர்க்பேட்ரிக் 1811இல் லண்டனில் மொழிபெயர்த்து வெளியிட்டதில் 40,000 என்று இருக்கிறது. அந்தக் காலத்துக் குடகில் மொத்த மக்கள்தொகையே எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டு அந்த எண்ணை ஐயப்படுகிறவர்கள் உண்டு. வென்ற மன்னன் தன் பெருமைக்காக எண்ணிக்கையை ஊதிச் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்த்த கம்பெனி அதிகாரிக்கும் திப்புவைக் கொடுங்கோலனாகக் காட்ட வேண்டிய தேவை இருந்தது.

எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். நடந்தது நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடகில் தேவட்டிபரம்பு என்றால் கொலைக்களம் என்றுதான் பொருள். அங்கே நினைவுச்சின்னம் வேண்டும் என்று கொடவ அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன.

குடகுக்கு ஓராண்டு முன்பு கடற்கரையிலும் இதே கதை. ஆங்கிலேயப் படை 1783இல் மங்களூரைப் பிடித்தபோது கொங்கணிக் கத்தோலிக்கர்கள் அவர்களுக்கு உதவினார்கள் என்பது திப்புவின் குற்றச்சாட்டு. ஊரை மீட்டதும், 1784 பிப்ரவரியில், திருநீற்றுப் புதனன்று, அவர்களைச் சுற்றிவளைத்தார்கள். மிலாக்ரஸ் தேவாலயம் இடிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, நடந்தே ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர்கள் 30,000 பேர் என்றும் 60,000 பேர் என்றும் சொல்வார்கள். வழியிலேயே செத்தவர்கள் அநேகர். மிஞ்சியவர்கள் ஊர் திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதுவும் திப்பு இறந்த பிறகு.

இரண்டு இடங்களிலும் காரணம் அரசியல்தான். கலகம், எதிரிக்குத் துணை போதல் என்ற குற்றச்சாட்டுகள்தான். ஆனால் தண்டனை, குற்றம் செய்ததாகக் கருதப்பட்டவரோடு நிற்கவில்லை. குழந்தை, கிழவி உட்பட ஒரு சமூகமே அதைச் சுமந்தது. அந்தக் காலத்து மன்னர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லி நாம் கடந்துபோகலாம். சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் அதையே சொல்ல நமக்கு உரிமை இல்லை.

விளக்கேற்றாத தெருக்கள்

இப்போது அந்தத் திதிக்கு வருவோம்.

மண்டியா மாவட்டத்தில் மேல்கோட்டை. ராமானுஜர் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த திருநாராயணபுரம். அங்குள்ள மண்டயம் ஐயங்கார்கள் இன்றும் வீட்டுக்குள் பேசுவது ஒருவகைத் தமிழ். நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை விடாதவர்கள். பெங்களூரு, மைசூரு அக்கிரகாரங்களில் பரவியிருக்கும் இந்தக் குடும்பங்களில் பல, நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடுவதில்லை. புதுத்துணி இல்லை, பட்டாசு இல்லை.

அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது: ஒரு நரக சதுர்த்தசி நாளில் திப்புவின் ஆட்கள் தங்கள் முன்னோர் எழுநூறு எண்ணூறு பேரைக் கொன்றுபோட்டார்கள்.

பின்னணி அரசியல் ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. மைசூரின் உடையார் அரச குடும்பத்தை ஹைதர் அலி ஓரங்கட்டியிருந்தார். அந்தக் குடும்பத்தின் ராணி லட்சுமம்மண்ணி, அரியணையை மீட்க ஆங்கிலேயரோடு ரகசியமாகப் பேச்சு நடத்தினார். அவருக்காகச் சென்னைக்கும் தஞ்சைக்கும் அலைந்து 1782இல் கம்பெனியோடு ஒப்பந்தம் முடித்த தூதர் திருமலை ராவ், இந்த ஐயங்கார் சமூகத்தைச் சேர்ந்தவர். சதி வெளிப்பட்டபோது அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். உறவினர்கள் எட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

கொலை எந்த ஆண்டு நடந்தது, எங்கே நடந்தது, எத்தனை பேர் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்று கேட்டால் கிடைப்பது அரிது. இது பெரும்பாலும் வாய்மொழி மரபு. அதனால் ஏற்க மாட்டோம் என்கிறவர்கள் உண்டு. ஆனால் பண்டிகையை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. ஊரெல்லாம் வாணவேடிக்கையாக இருக்கும்போது தன் வீட்டுப் பிள்ளைக்கு மத்தாப்பூ தராமல் இருநூறு ஆண்டுகள் காத்த விரதத்தின் அடியில் ஏதோ ஒரு பேரிழப்பு இருந்தாக வேண்டும்.

2015இல் அரசு, அவர்கள் துக்கம் காக்கும் திதியில் பிறந்தநாள் விழா வைத்தது. வேண்டுமென்று செய்ததாக நான் கருதவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்பதுதான் இதில் வலிக்கிறது.

சுவரில் ஓர் உடைப்பு

கதை இத்தோடு முடிந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். முடியவில்லை.

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடை இரைச்சலைத் தாண்டினால் பழைய கோட்டையின் மிச்சம் நிற்கிறது. கெம்பேகௌடரின் மண்கோட்டைக்குத் தெற்கே பின்னாளில் எழுந்த இதை 1761இல் ஹைதர் அலி கல்லால் மாற்றிக் கட்டினார். இன்று எஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதையொட்டிய கொஞ்சம் மதிலும்தான். வாசலுக்குள் பிள்ளையார் சிற்பம் ஒன்று. பக்கத்துச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை. இந்த உடைப்பின் வழியாக ஆங்கிலேயப் படை தாக்கி நுழைந்தது என்று அது சொல்கிறது. கீழே நாள்: 1791 மார்ச் 21.

அன்றிரவு நிலா வெளிச்சத்தில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை பீரங்கியால் இடித்த மதில்மேல் ஏறியது. கோட்டைக் காவலர் பகதூர் கான் போரிட்டு மடிந்தார். திப்பு படையோடு அருகில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் தேக்குத் தூண்களோடு நிற்கும் அவருடைய கோடை அரண்மனை, தந்தை தொடங்கி மகன் முடித்தது, கட்டி முடிந்ததும் அதே 1791இல்தான். அரண்மனைக்குப் பக்கத்திலேயே உடையார் காலத்துக் கோட்டை வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. இரண்டும் அண்டைவீடுகள். அந்தக் கோயில் முன்னுள்ள தூண்தான் பீரங்கிக் குண்டைத் தாங்கி திப்புவின் உயிரைக் காத்தது என்று உள்ளூரில் ஒரு செவிவழிக் கதை உண்டு.

அதே ஆண்டு, இந்தக் கோட்டை விழுந்த சில வாரங்களில், இன்னொரு சேதி திப்புவுக்கு வந்தது. ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த மராட்டியப் படையின் குதிரைக்காரர்கள் சிருங்கேரி சாரதா பீடத்தைக் கொள்ளையடித்துவிட்டார்கள். பலரைக் கொன்றார்கள். சாரதாம்பாளின் திருவுருவமும் பெயர்க்கப்பட்டது.

மடாதிபதி சச்சிதானந்த பாரதி சுவாமிகள் உதவி கேட்டது திப்புவிடம்தான்.

திப்பு கன்னடத்தில் பதில் எழுதினார். புனித தலத்துக்குத் தீங்கு செய்தவர்கள் அதன் பலனை அனுபவிப்பார்கள் என்ற பொருளில் கொதித்து எழுதினார். அம்மனை மறுபடி பிரதிஷ்டை செய்யப் பணமும் தானியமும் அனுப்ப நகர அதிகாரிக்கு உத்தரவிட்டார். தன் நாட்டுக்காக ஜபமும் ஹோமமும் நடத்தித் தரும்படி சுவாமிகளைக் கேட்டுக்கொண்டார். இப்படிச் சுமார் முப்பது கடிதங்கள் மடத்தில் பத்திரமாக இருந்தன. மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் 1916இல் அவற்றை வெளிக்கொண்டு வந்தார்.

கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் எழுதிய கடிதம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி ராஜ்யம் பறிபோகும் நிலையில் இந்துக் குடிகளின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது உண்மை. ஆனால் நிதியையும் நிர்வாகத்தையும் அவர் கடைசிவரை நம்பி ஒப்படைத்தது பூர்ணையா என்ற பிராமணரிடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரண்மனை இருந்த கோட்டைக்குள்ளேயே ரங்கநாதர் கோயிலில் பூசை நின்றதில்லை. அவர் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் அங்கே உண்டு. இதையெல்லாம் வெறும் நெருக்கடிகாலத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆக, குடகை வேரோடு பெயர்த்த ஆணையும் சிருங்கேரிக்குப் போன கடிதமும் ஒரே அவையிலிருந்து புறப்பட்டவை. இடைவெளி ஆறே ஆண்டுகள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

எதிர்த்து நின்றவரை இனத்தோடு நசுக்குவது, அண்டி நின்றவரை மதம் பாராமல் அணைப்பது என்பதே அவருடைய ராஜநீதியாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இன்றைக்கு அவர் யார் என்பது, 1780களில் உங்கள் பாட்டன் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மடிகேரிக்காரருக்கு ஒரு திப்பு. சிருங்கேரிக்கு ஒரு திப்பு. மண்டியாவில் பட்டுப்பூச்சி வளர்க்கும் விவசாயிக்கு, மைசூர் ராஜ்யத்தில் மல்பெரியும் பட்டும் வேரூன்றச் செய்த இன்னொரு திப்பு. பெங்களூரு பேட்டையில் தாராமண்டல்பேட்டை என்ற பெயருக்குப் பின்னால் ராக்கெட் செய்த பட்டறைகளின் திப்பு. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து அவர் படை ஏவிய அந்த வாணங்களைப் பார்த்துத்தான் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டுகளை வடித்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் படை ராக்கெட் ஏவும் போர்க்காட்சி ஓவியம் மாட்டியிருந்ததைக் கண்டு நம் அப்துல் கலாம் பெருமிதப்பட்டதைத் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை திப்புகளையும் ஒரே நாளில், ஒரே மேடையில், ஒரே மாலைக்கு அடியில் நிறுத்த அரசு முயன்றது. அதுதான் 2015இன் பிழை.

பாரிஸ் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1799 ஜனவரியில் எகிப்திலிருந்து திப்புவுக்கு உதவிக்கரம் நீட்டிக் கடிதம் எழுதிய ஒருவரைச் சுற்றி பிரான்சும் இதே போலத் தவிக்கிறது. அந்தக் கடிதம் திப்புவின் கைக்கு வரவில்லை. ஆங்கிலேயர் வழியிலேயே பிடித்துவிட்டார்கள். எழுதியவர் நெப்போலியன் போனபார்ட்.

இன்றைய பிரான்சின் சிவில் சட்டம், மாவட்ட நிர்வாகம், பள்ளிக் கல்வி அனைத்திலும் அவர் கைரேகை இருக்கிறது. புரட்சி ஒழித்த அடிமை முறையை 1802இல் கரீபியத் தீவுகளில் மீண்டும் கொண்டுவந்ததும் அவரே. அவருடைய போர்களில் ஐரோப்பாவெங்கும் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியின் இருநூறாம் ஆண்டு 2005இல் வந்தபோது அதிபர் ஷிராக் விழாப் பக்கமே போகவில்லை.

2021 மே 5, நெப்போலியனின் இருநூறாம் நினைவு நாள். அதிபர் மக்ரோன் வேறு வழியைத் தேர்ந்தார். கல்லறையில் மலர்வளையம் வைத்தார். அன்று ஆற்றிய உரையில், இது கொண்டாட்டம் அல்ல, தெளிவோடு நினைவுகூர்தல் என்றார். அடிமை முறையை மீட்டது அறிவொளிக் கால உணர்வுக்கே செய்த துரோகம் என்று அதே உரையில் சொன்னார். எல்லோரும் சமாதானம் அடைந்துவிடவில்லை. கரீபியத் தீவுகளில் வேர் கொண்ட பிரெஞ்சுக் குடிமக்களில் பலருக்கு மலர்வளையமே மனத்தாங்கல். ஆனாலும் அவர்களுடைய காயம் அரசின் வாயிலிருந்து வெளிப்பட்டது.

பெங்களூரு மேடையில் 2015இல் குடகின் பெயரை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால்? மேல்கோட்டைக்கு ஒரு வார்த்தை ஒதுக்கியிருந்தால்?

நான்கு ஆண்டுகள்

அடுத்த ஆண்டு விழா நீதிமன்றம் ஏறியது. திப்பு விடுதலைப் போராட்ட வீரர் அல்லர், தன் நலனைக் காக்கப் போரிட்ட மன்னர்தானே, விழாவுக்கு என்ன தர்க்கம் என்று 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சுப்ரோ கமல் முகர்ஜி கேட்டார். விழா நிற்கவில்லை. போலீஸ் பாதுகாப்போடு நடந்தது.

2017 அக்டோபர் 25. விதான சௌதாவின் வைர விழா. சட்டமன்றக் கூட்டுக் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் பேசினார். திப்பு ஆங்கிலேயரோடு போரிட்டு வீர மரணம் அடைந்தவர், மைசூர் ராக்கெட்டுகளின் முன்னோடி என்றார். காங்கிரஸ் வரிசையில் மேசைகள் தட்டப்பட்டன; பாரதிய ஜனதாவினர் சங்கடத்தில் ஆழ்ந்தார்கள்.

2018இல் கூட்டணி அரசு. முதல்வர் குமாரசாமி ஜயந்திக்கு வரவில்லை. மண்டியா, ஹாசன் பக்கத்து ஒக்கலிகர் வாக்குகளை நம்பிய கட்சி அவருடையது.

பிறகு 2019. ஜூலை 26 அன்று எடியூரப்பா முதல்வரானார். நான்கே நாளில், ஜூலை 30 அன்று, திப்பு ஜயந்தி ரத்து. குடகு மாவட்டத்து விராஜ்பேட்டைச் சட்டமன்ற உறுப்பினர் போப்பையா கொடுத்த கடிதமே அதற்கு ஆதாரம். அதே எடியூரப்பா 2012 வாக்கில் தனிக்கட்சி நடத்திய காலத்தில், திப்பு பாணித் தலைப்பாகையோடு மேடையில் நின்ற படங்களை எதிரணியினர் எடுத்து வந்தார்கள். ரத்தை மறுபரிசீலனை செய்யும்படி அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளிப் பாடத்திலிருந்தே திப்புவை எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வந்தது. ஆராய்ந்த குழு, அவரை விட்டு மைசூரின் வரலாற்றை எழுத முடியாது என்று கைவிரித்தது.

நாள் போயிற்று. பெயர்கள் போகத் தொடங்கின. 1980 முதல் மைசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஓடிய திப்பு எக்ஸ்பிரஸ், 2022 அக்டோபரில் உடையார் எக்ஸ்பிரஸ் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருடைய கல்லறையில் மலர்வளையம் வைத்த நாளிலேயே அவருடைய குற்றத்தையும் சொன்னார்கள். நாம் முதலில் குற்றத்தைச் சொல்லாமல் மாலை போட்டோம். பிறகு காரணத்தை விவாதிக்காமல் மாலையைக் கழற்றினோம். இரண்டு முறையும் கொடவரோ மேல்கோட்டையாரோ சிருங்கேரிக் கடிதமோ பேச இடம் கிடைக்கவில்லை. பேசியதெல்லாம் தேர்தல்தான்.

மண்டியாவில் ஓர் அலங்கார வளைவு

2023 மார்ச் 12. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையைத் திறக்கப் பிரதமர் மண்டியா வருகிறார். ஊர் நுழைவாயிலில் வரவேற்பு வளைவு. அதன் உச்சியில் இரண்டு பெயர்கள்: உரி கௌடா, நஞ்சே கௌடா.

யார் இவர்கள்?

திப்புவைக் கொன்றவர்கள் ஆங்கிலேயர் அல்லர், உடையார் அரசுக்கு விசுவாசமான இந்த இரண்டு ஒக்கலிக வீரர்கள்தான் என்று ஒரு கதை அப்போது கர்நாடகம் முழுக்கப் பரவியிருந்தது. முந்தைய நவம்பரில் மைசூரு ரங்காயணத்தில் அரங்கேறிய ஒரு நாடகம் அதற்கு மேடை கொடுத்திருந்தது. அமைச்சர் முனிரத்னா அதைத் திரைப்படமாக்கவும் முன்வந்தார்.

கண்டனம் எழுந்ததும் வளைவின் பெயர் மாற்றப்பட்டது. சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் கதையை நிறுத்தியது அவர்கள் அல்லர். ஒக்கலிகர்களின் ஆதிசுஞ்சனகிரி மடத்து நிர்மலானந்தநாத சுவாமிகள் குறுக்கிட்டார். ஆதாரம் இல்லாத கதையைச் சமூகத்தின் பெயரால் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படம் கைவிடப்பட்டது.

1799 மே 4 பிற்பகலில் நீர்வாசல் அருகே நடந்ததைத் திப்புவின் பணியாள் ராஜா கான் சொன்னபடி ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள். காயம்பட்டுக் கிடந்த சுல்தானின் ரத்தினம் பதித்த வாள்கச்சையைப் பறிக்க ஒரு சிப்பாய் கை நீட்டினான். அவனைத் திப்பு வெட்டினார். அவன் துப்பாக்கியால் நெற்றிப்பொட்டில் சுட்டான். அவன் பெயர் எங்கும் இல்லை. கொன்றது இன்னார் என்று அறியாமலேயே கம்பெனி அந்த வெற்றியைக் கொண்டாடியது.

இருநூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயரில்லாமல் கிடந்த அந்தக் கைக்கு, திடீரென்று மண்டியாவில் இரண்டு பெயர்கள் எங்கிருந்து முளைத்தன? நாட்டுப்பாட்டிலா, யாருடைய நினைவிலா, யாரோ ஒருவர் மேசையிலா? சுவாமிகள் தடுத்திராவிட்டால் இன்று பள்ளிப் பிள்ளைகள் எந்தக் கதையைப் படித்துக்கொண்டிருப்பார்கள்?

(அடுத்த வாரம்: நீர்வாசலில் விழுந்த குண்டு யாருடையது?)